இரவல் நாடி

சங்கமித்ராவை உட்கார வைத்து வேலை வாங்கலாம் என்று நினைத்த மகராசன் யாரோ, அவனுக்கு அவளைத் தெரியாது. மர்பி டவுனில் அவள் தெருவில் கேட்டால் சொல்வார்கள். குழாயடியில் குடம் நிறைவதற்குள் அடுத்த வீட்டுச் சண்டையை விலக்கிவிட்டு, கடைக்கும் போய்க் கொத்தமல்லிக் கட்டோடு திரும்பி வந்துவிடுவாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். அவளைக் கொண்டுபோய், தொம்மலூர்ப் பக்கம் ஒரு ஐ.டி. வளாகத்தில், கன்ட்ரோல் ரூம் என்று பெயர் எழுதிய குளிர்ந்த அறையில், திரைகளுக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். அவளும் உட்காரத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பாள். அப்புறம் எழுந்து நின்றபடியே பார்ப்பாள். அதற்கும் அப்புறம் கதவுக்கும் மேஜைக்கும் நடையாய் நடப்பாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது மனிதர்களை. கூட்டுகிறவர்கள், கண்ணாடி துடைக்கிறவர்கள், தோட்ட வேலைக்காரர்கள், தரைக்குக் கீழே கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிளான்ட்டில் இருப்பவர்கள் என்று எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. பேண்டு என்பார்கள். பார்வைக்கு வாட்ச் மாதிரி இருக்கும், மணி மட்டும் காட்டாது. கட்டியிருப்பவரின் இதயத் துடிப்பு, உடம்புச் சூடு, சுற்றியுள்ள காற்றில் விஷவாயு இருக்கிறதா, ஆள் விழுந்தானா, அசையாமல் கிடக்கிறானா என்று எல்லாவற்றையும் மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். திரையில் வளாகத்தின் வரைபடம். அதில் ஒவ்வொருவரும் ஒரு பச்சைப் புள்ளி, பக்கத்தில் பெயர், பெயரை ஒட்டித் துடிப்பின் எண். ஏதாவது கோளாறென்றால் புள்ளி சிவந்து, பீப் பீப் என்று கத்தி உயிரை எடுக்கும்.

இந்தப் பேண்டு சும்மா வந்துவிடவில்லை. போன வருஷம் வெங்கி என்ற பிளம்பர் பம்பு அறையில் மயங்கி விழுந்து, சாப்பாட்டுக்கு ஆளைக் காணோமே என்று தேடிப் போகும்வரை அங்கேயே கிடந்தான். பிழைத்துக்கொண்டான், ஆனால் ஒரு கை விளங்காமல் போய்விட்டது. அதற்கப்புறம்தான் மேனேஜர் கிரண் பெரிய ஆபீசுக்கும் சின்ன ஆபீசுக்கும் அலைந்து இதைக் கொண்டுவந்தான். ஆட்கள் கட்டிக்கொள்ள மறுத்தார்கள். கக்கூஸில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறோம் என்று கணக்கெடுப்பார்கள் என்று பேச்சு. சங்கமித்ராதான் ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசினாள். கன்ட்ரோல் ரூமில் இருப்பவரைத் தவிர வேறு யாரும் திரையைப் பார்க்கக் கூடாது, யார் எங்கே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று யாரும் கேட்கக் கூடாது என்று கிரணிடம் வாக்கு வாங்கினாள். கிரணைக் குறை சொல்லக் கூடாது, அந்த வாக்கை அவன் காப்பாற்றினான்.

பேண்டும் தன் பங்குக்கு நல்ல பெயர் வாங்கியது. ஏப்ரல் வெயிலில் மொட்டை மாடியைக் கழுவிக்கொண்டிருந்த ஜோசஃபினின் புள்ளி சிவந்தபோது, சங்கமித்ரா ஆளை அனுப்பி அவளை நிழலில் உட்கார வைத்தாள். எனக்கு ஒன்றுமில்லை, வேலையைக் கெடுக்கிறீர்கள் என்று ஜோசஃபின் ஏசினாள். ஏசிக்கொண்டிருக்கும்போதே, தண்ணீர் கொடுத்தவள் மடியில் சாய்ந்துவிட்டாள். அன்றைக்குப் பிறகு பேண்டை யாரும் வாய்விட்டுத் திட்டவில்லை.

ஆனாலும் நாளெல்லாம் புலி வருது கதைதான். யாராவது பேண்டைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். யாராவது சாப்பிட்ட மயக்கத்தில் கண்ணயர்ந்திருப்பார்கள். அசையவில்லை, அசையவில்லை என்று அது அலறும். போன் போட்டு விசாரித்து, ஆள் பேசினால் திரையில் 'சரி' என்ற பொத்தானை அமுக்கி மூட வேண்டும். பொறுமை என்பது சங்கமித்ராவின் ஜாதகத்திலேயே கிடையாது. எதிர்முனையில் 'அலோ' என்ற சத்தம் முழுதாக வருவதற்குள் அமுக்கிவிடுவாள்.

இத்தனை புள்ளிகளுக்கு நடுவில் ஒரு புள்ளியை அவள் கண் தேடிக்கொண்டே இருக்கும். அது நரேஷ். அவள் காதலித்துக் கட்டிக்கொண்ட புருஷன். கீழே பிளான்ட்டில் ஆபரேட்டர். ஆபரேட்டர் என்ற அந்தச் சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நரேஷின் தாத்தா துடைப்பம் பிடித்தவர், அப்பா பாதாளச் சாக்கடைக்குள் இறங்கியவர். நரேஷும் இதே வளாகத்தில் துடைப்பத்தோடுதான் நுழைந்தான். வேலை முடிந்த கையோடு ஐ.டி.ஐ. வகுப்புக்கு ஓடி ஓடிப் படித்து, பம்பு அறையில் ஸ்விட்சுகள் நிறைந்த பேனல் முன்னால் நிற்கிற இடத்துக்கு வந்திருந்தான். சாக்கடை என்னவோ அதேதான், ஆனால் இப்போது அது அவன் சொல்படி ஓடியது. பெயர் தைத்த நீலச் சட்டைக்கு அவனேதான் இஸ்திரி போடுவான். அவளைக்கூடத் தொடவிட மாட்டான்.

பேண்டு வந்த புதிதில் அவன் எண் நிலையாக நிற்கவில்லை. ஒரு நேரம் எண்பது, ஒரு நேரம் நூற்று முப்பது. இரண்டு தடவை சிவந்தும் விட்டது. கேட்டால் படியேறினேன், வால்வைத் திருப்பினேன் என்பான். வீட்டில் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று ஷூ லேஸைக் கட்டுவான், கட்டியிருந்த லேஸையே அவிழ்த்துக் கட்டுவான். நெஞ்சைத் தடவிக்கொண்டு, காஸ் என்பான், சோடா குடிப்பான். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொல்லிவிட்டாள். மூன்றாவது தடவை சிவந்தால் கம்பெனி டாக்டரிடம் அனுப்புவார்கள், டாக்டர் சரியென்று எழுதும்வரை பிளான்ட்டுக்குள் விடமாட்டார்கள், வெளியே லேசான வேலைதான், அதனால் மரியாதையாக ஆஸ்பத்திரிக்கு வா என்றாள். லேசான வேலை என்றால் என்ன வேலை என்று அவனுக்குத் தெரியும். துடைப்பம். அவன் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அதோடு விட்டிருக்கலாம். இவளுக்குத்தான் வாய் சும்மா இராதே. உன்கூட வேலை பார்க்கிற ராஜமாணிக்கம் அண்ணாவைப் பார், உன்னைவிட இருபது வயது கூட, அவர் நாடி கடிகாரம் மாதிரி எழுபத்திரண்டிலேயே நிற்கிறது என்று புகழ்ந்து வைத்தாள். ராஜமாணிக்கம் அதே மர்பி டவுன்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புத்த விகாரைக்குப் போய், எல்லோரும் கலைந்த பிறகும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர். இன்னும் இரண்டு மாதத்தில் ரிடையர் ஆகப் போகிறவர். அவருக்குத் துடிப்பு நிலையாக இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்.

அடுத்த வாரத்திலிருந்து நரேஷின் எண் எழுபத்திரண்டுக்கு வந்துவிட்டது. அவள் நம்ப முடியாமல் பார்த்தாள். எழுபத்திரண்டு, எழுபத்தொன்று, மறுபடி எழுபத்திரண்டு. வேலைக்கு நடுவில், நடையில் திரும்பும்போதெல்லாம், ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். அந்த எண்ணைப் பார்த்தால் அவளுக்குச் சந்தோஷம் பொங்கும். வீட்டில் அவன் படியில் நின்றால் நிற்கட்டும், சோம்பேறி என்று நினைத்துக்கொண்டாள். கண்ணெதிரே மூச்சு வாங்குகிறவனை விட்டுவிட்டு, திரையில் தெரிகிறவனை நம்பினாள்.

இவன் எண் இறங்கியதும் ராஜமாணிக்கத்தின் எண் ஏறியது. நூற்று நாற்பது, நூற்று அறுபது, திடீரென்று தொண்ணூறு. மூன்று தடவை சிவந்ததும் முறைப்படி கம்பெனி டாக்டர் மமதாவிடம் அனுப்பினார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார், படியேறி இறங்கச் சொல்லிப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை. மனிதர் உரல் மாதிரி இருந்தார். அப்படியென்றால் கோளாறு பேண்டில்தான் என்று முடிவு கட்டினார்கள். புதுப் பேண்டு வரும்வரை ராஜமாணிக்கத்தின் பெயரில் அலாரம் அடித்தால் பதற வேண்டாம் என்று கிரண் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிட்டான். சங்கமித்ரா பதறவில்லை. அது கத்தும், இவள் அமுக்குவாள்.

ஒன்றரை மாதம் இப்படி ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பேண்டு கம்பெனிக்காரன் புதிதைக் கொண்டுவந்தான். வொயிட்ஃபீல்டு போக வேண்டும், டிராபிக்கில் மாட்டினால் செத்தேன், பழையதைக் கொடுங்கள் என்று வாசலிலேயே நின்று பறந்தான். கீழே பிளான்ட்டில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் மேலே வந்தால் இன்னொருவரைக் கீழே அனுப்பிவிட்டுத்தான் கூப்பிட வேண்டும். அடுத்த ஷிப்ட் ஆள் வர அரைமணி நேரம்தான் இருந்தது. ஆனால் வந்தவன் பறந்தான், அவனைப் பார்த்து இவளும் பறந்தாள். ஐந்து நிமிஷத்தில் என்ன முழுகிவிடப் போகிறது என்று இன்டர்காமில் ராஜமாணிக்கத்தை மேலே வரச் சொன்னாள்.

அவர் வந்தார். எப்போதும் கையை மடித்து விட்டிருப்பவர், அன்றைக்கு முழுக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டு, பொத்தானும் போட்டிருந்தார். பேண்டைக் கொடுங்கள் அண்ணா என்றாள். கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் வீட்டுக்குப் போகிறவனுக்குப் புதுசு எதற்கு என்றார். வியர்க்கிறது என்றார். அந்த அறையில் ஏ.சி. போர்வை கேட்கும் குளிரில் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, அந்தாளு கத்துறாரு. பேண்டு எங்க?"

"கீழ கழட்டி வச்சுட்டேன்மா. பேனல் டேபிள் மேல கெடக்கு. நாளைக்கு எடுத்துட்டு வர்றேன்."

சொல்லி வாய் மூடவில்லை, திரை கத்த ஆரம்பித்தது. ராஜமாணிக்கம். பம்பு அறை. அசைவில்லை. துடிப்பு நூற்றுத் தொண்ணூறு. சங்கமித்ரா எரிச்சலோடு திரும்பினாள். மேஜைமேல் கிடக்கிற பேண்டு அசையாமல்தானே இருக்கும். துடிப்பு காட்டுவதா, அதுதான் கோளாறு பிடித்த சனியன் ஆயிற்றே. பேண்டின் சொந்தக்காரர் கண்ணெதிரே கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறார், இதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது. 'சரி' பொத்தானை அமுக்கினாள். சத்தம் அடங்கியது. உங்க பேண்டுதான் அண்ணா, அங்கே தனியாகக் கிடந்து ஒப்பாரி வைக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை. திரை அவர் பக்கம் திரும்பியிருக்கவில்லை, அதில் இருப்பது அவருக்குத் தெரியாது. என்ன சொல்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை அண்ணா, அசையவில்லையாம் என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் இவள் கம்பெனிக்காரன் பக்கம் திரும்பி, திங்கட்கிழமை வரச் சொல்லி ஒரு வாக்குவாதம் நடத்தி அனுப்பினாள். கதவுவரை போய்த் திரும்பினாள். திரும்பும்போது, வழக்கம்போல, ஒரு பார்வை நரேஷைத் தேடியது.

பம்பு அறையில் அவன் இல்லை. படியில் இல்லை. காண்டீனில் இல்லை. வரைபடத்தில் தரைத்தளத்துக்குக் கண்ணை ஏற்றினாள். நரேஷ் என்ற பச்சைப் புள்ளி கன்ட்ரோல் ரூமுக்குள், அவள் மேஜைக்கு முன்னால் இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேஜைக்கு முன்னால் ராஜமாணிக்கம் நின்றிருந்தார். நரேஷின் எண் எழுபத்திரண்டு இல்லை. எண்பத்தெட்டு, தொண்ணூற்றாறு, நூற்றுப் பத்து என்று ஏறிக்கொண்டிருந்தது. ராஜமாணிக்கத்தின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது.

"கையக் காட்டுங்க."

அவர் காட்டவில்லை. இவளே எட்டிச் சட்டைக் கையை மேலே தள்ளினாள். பேண்டு இருந்தது.

"நரேஷோடதும்மா. என்னோடது அவன் கைல இருக்கு. வேலைய விட்டு எறக்கிருவாங்கன்னு கெஞ்சுனான். நா வீட்டுக்குப் போகப்போறவன், என்னப் பத்தி என்ன எழுதுனா என்னன்னு மாத்திக் கட்டிக்கிட்டேன்."

இருவரும் ஒரே அறையில் ஒரே வேலை பார்க்கிறவர்கள். புள்ளிகள் இரண்டும் ஒட்டியே இருந்தவரை எது யாருடையது என்று யாருக்குத் தெரியும். இன்றைக்கு அவள்தான் அவர்களைப் பிரித்து ஒருவரை மேலே கூப்பிட்டாள். ஒன்றரை மாதமாக அவள் பார்த்துப் பார்த்துப் பூரித்தது ராஜமாணிக்கத்தின் இதயத்தை. புருஷனின் இதயம் நாள் தவறாமல் கத்தியது, அவள் நாள் தவறாமல் அதன் வாயை அமுக்கினாள். இப்போதும் அமுக்கியிருந்தாள்.

மூடிய அலாரத்தைத் திறந்து காற்றின் அளவைப் பார்த்தாள். விஷவாயு இல்லை, உள்ளே போகலாம். கிரணுக்குப் போன் போட்டு, லாபியில் தொங்குகிற, நெஞ்சுக்கு ஷாக் கொடுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டரோடு பம்பு அறைக்கு வா, நரேஷ் விழுந்துவிட்டான் என்று கத்தினாள். லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கினாள். பின்னால் ராஜமாணிக்கம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். அவரைத் திரும்பிப் பார்த்தால் அறைந்துவிடுவோம் என்று பயந்து பார்க்காமலே ஓடினாள்.

நரேஷ் பேனலுக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தான். காற்று அடிக்கும் எந்திரங்களின் இரைச்சலில் அவள் கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை. உதடு நீலம் பூத்திருந்தது. மூச்சு இழுப்பதும் நிற்பதுமாக இருந்தது, பிறகு நின்றேவிட்டது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்தத் தொடங்கினாள். அழுத்த அழுத்தத் திட்டினாள், திட்டத் திட்ட அழுதாள். கிரணும் டாக்டர் மமதாவும் பெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். இஸ்திரி போட்ட நீலச் சட்டையை டாக்டர் கத்தரியால் நீளத்துக்கு வெட்டினார். எல்லோரும் விலகுங்கள் என்று பெட்டி இங்கிலீஷில் சொன்னது. முதல் அதிர்வுக்கு உடம்பு தூக்கிப் போட்டது, ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதுக்கு இருமினான்.

பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இதயத் துடிப்பு தறிகெட்டு ஓடுகிற வியாதி, பிழைத்துக்கொள்வான், ஆனால் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைக்க வேண்டும் என்றார்கள். எப்போதிலிருந்து இப்படி என்று அங்கிருந்த டாக்டர் கேட்டதற்கு, மமதா தன் போனைத் திறந்து ராஜமாணிக்கத்தின் பெயரிலிருந்த ஒன்றரை மாதத் துடிப்பை எடுத்துக் காட்டினார். அந்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, முதல் வாரமே இவரை அழைத்து வந்திருக்கலாமே என்றார். பேண்டு ஒருநாள்கூடப் பிசகவில்லை. அது சொன்னதையெல்லாம் சரியாகத்தான் சொன்னது.

கிரண் வராண்டாவில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அலாரம் வந்ததா என்று கேட்டான். வந்தது, நான்தான் மூடினேன், ராஜமாணிக்கம் அண்ணாவைத் தனியாகக் கூப்பிட்டதும் நான்தான் என்றாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். மூன்று தடவை சிவந்தால் ஆளை இறக்கிவிட வேண்டும் என்ற ரூலை எழுதியது நான்தான் என்று கன்னடத்தில் முணுமுணுத்துவிட்டு அவன் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டான். நோயைச் சொன்னால் வேலை போகும் என்றால் எவன் நோயைச் சொல்வான் என்று அவனிடம் கேட்க அவளுக்கு வாய்வரை வந்தது. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டாள்.

அவளால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வராண்டாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தாள். காவலாளி ஒருமுறை உட்காரம்மா என்றார். உட்கார்ந்து எழுந்தாள். அவன் கண் விழித்ததும் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். பெரிய மனுஷனா நீ? என்கிட்டயே ஏமாத்து வேலையா? காஸாம் காஸ், சோடாக் கடைக்காரனுக்கு மாளிகை கட்டிக் கொடுத்தியே. நீ செத்திருந்தால் அந்த நீலச் சட்டையை நான் கட்டிக்கொண்டு அழுவதா? ஒவ்வொரு திட்டாகக் கூர் தீட்டி வைத்தாள். திட்ட வேண்டும் என்ற ஒன்றுதான் அன்றைக்கு அவளைக் கீழே விழாமல் பிடித்து நிறுத்தியது.

மறுநாள் காலையில் உள்ளே விட்டார்கள். நரேஷின் முகம் ஒருநாளில் பாதியாகியிருந்தது. கட்டிலுக்கு மேலே ஒரு மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் அவன் லேசாகச் சிரித்தான். இவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"சங்கு, நா விழுந்ததும் பேண்டு கைல கிர்ருனு அதிர ஆரம்பிச்சிருச்சு. எந்திரிக்க முடியல, கத்த முடியல. ஆனா பயமே வரல தெரியுமா. மேல நீ பாத்துட்டுதான் இருப்ப, இப்ப ஓடியாந்துருவன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன்."

தீட்டி வைத்த திட்டெல்லாம் அவளுக்கு எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. பொய் சொல்லலாம். பார்த்தேன், ஓடி வந்தேன் என்று சொல்லிவிடலாம், பாதி நிஜம்தானே. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் முடியவில்லை.

"பாத்தேன்" என்றாள். "செவப்பாச்சு. ராஜமாணிக்கம்னு காட்டுச்சு. அண்ணா என் முன்னாடி நின்னுட்டிருந்தாரு. சரின்னு அமுக்கி மூடிட்டேன்."

நரேஷ் மேலே சுழலும் விசிறியைப் பார்த்தான். தரையில் கிடந்தபோது தன் கையில் இருந்தது யார் பெயர் என்பதை அவன் சுத்தமாக மறந்துபோயிருந்தான். இப்போதுதான் உறைத்தது.

"அப்ப நீ என்னப் பாக்கவே இல்ல."

"உன்னத்தான் பாத்துட்டிருந்தேன். எழுவத்திரண்டு. தெனமும் எழுவத்திரண்டு."

நேற்றுக் கிடந்தபோது வராத பயம் அவனுக்கு இப்போது வந்தது. யாரும் பார்க்காத ஓர் அறையில், யாரும் வராத ஒரு தரையில், வருவாள் வருவாள் என்று நம்பிக்கொண்டு தான் கிடந்ததை அவன் இப்போதுதான் பார்த்தான். அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். விரல்கள் அழுந்தின. கண்ணீர் காது மடலில் வழிந்து தலையணைக்குள் போயிற்று. மேலே மானிட்டர் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. நர்ஸ் ஒருத்தி செருப்புச் சத்தத்தோடு ஓடி வந்தாள்.

சங்கமித்ரா மானிட்டர் பக்கம் தலையைத் திருப்பவில்லை. எண் என்னவென்று பார்க்கவில்லை. அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"எங்க பண்ணுது, வாயத் தொறந்து சொல்லு" என்றாள். "காஸுன்னு சொன்ன, கொன்னுருவேன்."

அவன் நெஞ்சின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினான். பிறகு, படியில் நின்று லேஸ் கட்டிய நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான்.